முள், உண்ணி, அட்டை, ஷெல் துண்டு: தோலில் ஏறியதை எப்படி எடுப்பது?

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், மருந்து கட்டும் அறையில் பல வருடம் வேலை செய்தவள் நான். அங்கே வந்த சனத்தில் நிறையப் பேரை எங்களிடம் கொண்டுவந்தது குத்திய முள் அல்ல, அதை எடுக்க வீட்டில் செய்த வேலை. இப்போதும் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் என்று ஃபோனில் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முள் குத்திவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் உட்காருங்கள். வயலுக்குள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நகத்தால் இழுத்தால் முள் தோலோடு முறியும், பாதி உள்ளே நிற்கும். வீட்டுக்கு வந்து கையையும் குத்திய இடத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு வாருங்கள். டோர்ச்சைத் தோலுக்கு மேலே நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் முள் நிற்கும் திசை நிழலாகத் தெரியும். அந்தத் திசை தெரியாமல் சாவணத்தைத் தொடவே வேண்டாம்.

முள்ளின் தலை வெளியே தெரிந்தால், தோலோடு ஒட்டின இடத்தில் சாவணத்தால் பிடித்து, அது உள்ளே போன பாதையிலேயே மெதுவாக இழுங்கள். சரிந்து போன முள்ளை நேரே மேலே இழுத்தால் முறிந்துவிடும். தலை உள்ளே போயிருந்து, தோலுக்குக் கீழே கறுப்புக் கோடாகத் தெரிந்தால், சுத்தமான ஊசியால் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிற மெல்லிய தோலை மட்டும் கீறி, தலையை வெளியே கொண்டுவந்து பிடிக்கலாம். மேல்தோலைக் கீறும்போது இரத்தம் வராது. இரத்தம் வரத் தொடங்கினால் தேவையான ஆழத்தைத் தாண்டிவிட்டீர்கள், நிறுத்துங்கள்.

எடுத்த முள்ளை எறிந்துவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். நுனி கூராக இருந்தால் முழுதாக வந்திருக்கிறது, மொட்டையாக இருந்தால் மீதி உள்ளே நிற்கிறது.

மரச்சிராம்பு ஏறினால் இடத்தை நெடுநேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். மரம் ஊதி, பிய்ந்து பிய்ந்து வரும்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்களே?

பழமொழி நல்லது. ஆனால் தேசி மரத்து முள்ளை ஒடித்துக் காலைக் கிண்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அதை விடுங்கள். மரத்து முள்ளில் மண்ணும் கிருமியும் இருக்கும், அது இரண்டாவது குத்து. தையல் ஊசியும் சாவணமும் பத்து நிமிடம் கொதிநீரில் கிடந்தால் போதும், அவசரத்துக்குச் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடையுங்கள். விளக்கில் காட்டினால் கிருமி சாகும், ஆனால் கரி பிடிக்கும், அந்தக் கரி தோலுக்குள் போய் நிற்கும். காட்டத்தான் வேண்டுமென்றால் ஆறவிட்டு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் பாவியுங்கள்.

எருக்கம்பால் விட்டால் முள் தானாக வெளியே வருமா?

வராது. எருக்கம்பால் தோலை எரிக்கும். தோல் வெந்து வீங்கிச் சீழ் கட்டும்போது சில சமயம் முள்ளும் சேர்ந்து வரும், அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை வந்திருக்க வேண்டும். என்னைப் பயப்படுத்துவது காலில் விடுகிற பால் அல்ல, அந்தக் கையால் கண்ணைக் கசக்குவது. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். பட்டுவிட்டால் ஓடுகிற சுத்தமான தண்ணீரில் விடாமல் இருபது நிமிடமாவது கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பும் இதே மாதிரித்தான்.

ஈச்ச முள் முழங்காலில் குத்தியது. எடுத்துவிட்டேன், ஆனாலும் வீக்கம் போகவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னிக் காட்டில் ஈச்சை, விடத்தல், சூரை, காரை என்று முள்ளுக்குக் குறைவே இல்லை. அதிலும் ஈச்சம் ஓலையின் அடிமுள் நீளமாய், ஊசி மாதிரி இருக்கும். முழங்கால், விரல் மூட்டு போன்ற இடத்தில் அது குத்தினால் நுனி மூட்டுக்குள்ளேயே முறிந்து நிற்கலாம். வெளியே புண் இரண்டு நாளில் ஆறிவிடும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கழித்து மூட்டு வீங்கும், மடக்க ஏலாது, காய்ச்சல் இருக்காது. ஒரு ஐயா இப்படி வந்தார். வாதம் என்று சொல்லி எண்ணெய் பூசி, ஒத்தடம் பிடித்து ஒரு மழைக்காலம் முழுக்கக் கழித்திருக்கிறார். காணி துப்புரவாக்கப் போனபோது முள் குத்தியதா என்று கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகமே வந்தது. சத்திரசிகிச்சையில் மூட்டுச் சவ்வுக்குள் இருந்து வந்த துண்டு ஒரு அரிசி நீளம்கூட இல்லை. ஒற்றை மூட்டு மட்டும் வீங்கினால், பழைய முள் குத்தைப் பற்றி டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் உறுத்துகிறது.

எக்ஸ்ரேயில் இரும்பு தெரியும், கண்ணாடித் துண்டு அநேகமாகத் தெரியும். முள்ளும் மரச்சிராம்பும் பெரும்பாலும் தெரியாது. அதனால் "எக்ஸ்ரேயில் இல்லை" என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள், அதில் மரத்துண்டு தெரிய வாய்ப்பு அதிகம். உள்ளங்காலில் என்றால் அது கால் ஆணியாகவும் (தோல் தடித்துக் காய்த்தது) இருக்கலாம். அதையும் வீட்டில் பிளேட்டால் சீவ வேண்டாம்.

இருட்டில் ஏதோ சுருக்கென்று குத்தியது. தேடினால் முள் இல்லை.

தேடுவதை உடனே நிறுத்துங்கள். வரம்பில், வைக்கோல் போரடியில், விறகுக் கும்பியில், இரவில் குத்தி, முள் கிடைக்கவில்லை என்றால் அது பாம்புக் கடிதான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் வயலில் புடையன் (கண்ணாடி விரியன்) இருக்கும், மணல் பாங்கான கரையோரங்களில் சுருட்டை விரியன் இருக்கும். இரண்டு பல் அடையாளம் எப்போதும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருக்காது, ஒன்று மட்டும் தெரியலாம், ஒரு கீறலாகவும் இருக்கலாம். ஊசியால் கிண்டினால், புடையன் கடித்த உடம்பில் இரத்தம் உறையாமல் வழிந்துகொண்டே இருக்கும். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, காப்பைக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து, 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. முள்தான் என்று பிறகு தெரிந்தால் நல்லதுதானே, ஒரு இரவு வார்டில் படுத்துவிட்டு வருவீர்கள்.

மயிர்க்கொட்டி (கம்பளிப்பூச்சி) மயிர் ஏறிவிட்டது, உடம்பெல்லாம் கடிக்கிறது.

சொறிய வேண்டாம், துவாயால் துடைக்கவும் வேண்டாம், இரண்டும் மயிரை இன்னும் உள்ளே தள்ளும். முருங்கைக்குக் கீழே நின்றிருந்தால் சட்டையைத் தலைக்கு மேலால் உருவாமல் பொத்தானைத் திறந்து கழற்றுங்கள், இல்லாவிட்டால் முகத்திலும் ஏறும். ஒட்டுகிற டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரியுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. பிறகு சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். நாகதாளியின் பொடி முள்ளுக்கும் இதே வழிதான், டேப்புக்கு வராவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற வெள்ளைப் பசையை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு உரித்தால் முள்ளும் சேர்ந்து வரும். அதற்குச் சூப்பர் குளூவை எடுத்துவிடாதீர்கள். கண்ணுக்குள் மயிர் போயிருந்தால் கசக்காமல் கண் டொக்டரிடம் போங்கள்.

உண்ணி கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் விடலாமா?

வேண்டாம். மண்ணெண்ணெய், கியூடெக்ஸ், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். தொந்தரவு பட்டால் உண்ணி வாயில் இருப்பதைக் கடித்த இடத்துக்குள்ளேயே கக்கும், நோய்க்கிருமி அதோடுதான் வரும். கூர்மையான சாவணத்தால் உண்ணியின் உடம்பைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டியிருக்கும் தலைப் பக்கத்தைப் பிடித்து, திருகாமல், வெட்டி இழுக்காமல், ஒரே சீராக மேலே இழுங்கள். அது விடக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுங்கள். வாய்த்துண்டு உள்ளே நின்றுவிட்டால், இலகுவாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் விடுங்கள், தோல் தானே தள்ளிவிடும். எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்க வேண்டாம்.

பட்டி மாடு சாய்க்கிறவர்களும் நாய் வளர்க்கிற வீடுகளும் அக்குள், அரை, தொப்புள், காதுக்குப் பின்னால், பிள்ளைகளின் தலைமயிருக்குள் பார்க்க வேண்டும். காதுக்குள்ளும் ஏறும். பிள்ளை காது குத்துகிறது என்று அழுதால் காதுக்குச்சி போடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

இன்னொன்று. பற்றைக்குள் போய்வந்து ஒன்று, இரண்டு வாரத்துக்குப் பிறகு கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்து, உடம்பில் எங்கேயாவது சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால், அது நாங்கள் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்வதாக இருக்கலாம். கடித்தது கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி, அதனால் "ஒன்றும் கடிக்கவில்லை" என்றுதான் சொல்வீர்கள். அந்தப் பொருக்கு அக்குளிலும் அரையிலும் ஒளிந்திருக்கும், வெட்கப்படாமல் டொக்டருக்குக் காட்டுங்கள். டொக்ஸிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். பிந்தினால் சிறுநீரகம், நுரையீரல் என்று போகும்.

அட்டைக்கு உப்புப் போடலாமா?

போட்டால் விழும், ஆனால் விழ முன்னர் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கிவிட்டு விழும். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அந்த முனைக்குக் கீழே விரல் நகத்தைத் தோலோடு சேர்த்து வழித்து விடுங்கள், பிறகு தடித்த முனையையும் அப்படியே. விட்டுவிட்டால் குடித்து முடித்துத் தானாகவும் விழும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பதார்த்தத்தை விடுவதால் மணிக்கணக்கில் கசியலாம், பயப்படாமல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் இளக்கும் குளிசை குடிக்கிறவர்களுக்கு நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. குளத்தில் குளித்த பிள்ளைக்கு ஒரே மூக்கால் நாள்தோறும் இரத்தம் வந்தால் மூக்குக்குள் அட்டை இருக்கலாம், அதை வீட்டில் இழுக்க முயல வேண்டாம்.

தூண்டில் விரலில் ஏறிவிட்டது.

தூண்டில் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கமாகச் சரிந்த ஒரு சின்ன முள் இருக்கிறது. மீன் கழன்று போகாமல் பிடிப்பதும் அதுதான், உங்கள் சதையைக் கிழிப்பதும் அதுதான். அந்த முள் வெளியே நின்றால் வந்த வழியே எடுக்கலாம். உள்ளே போயிருந்தால் நூலை வெட்டி, தூண்டிலை அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். விறைக்க ஊசி போட்டு, நுனியை முன்னால் தள்ளி வெளியே எடுத்து, முள்ளை வெட்டிவிட்டு மீதியைப் பின்னால் உருவுவார்கள், ஐந்து நிமிட வேலை. கண்ணில் என்றால் எதையும் தொடாமல், அழுத்தாமல், ஒரு கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு ஓடுங்கள்.

கெளிறு, திருக்கை குத்தினால்? நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவர்கள் கேட்பது.

சூடு தண்ணீர். இந்த மீன்களின் நஞ்சுக்குச் சூடு ஆகாது. குத்திய கால் வலியில் சூட்டை அளக்காது, ஆகையால் குத்தாத காலையோ வேறொருவர் கையையோ முதலில் வைத்துப் பார்த்து, தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வலி இறங்குவது தெரியும். திருக்கை முள் துண்டு உள்ளே முறிவது வழக்கம், அதனால் வலி போனாலும் காட்ட வேண்டும். நெஞ்சில், வயிற்றில், கழுத்தில் குத்தி நின்றால் அந்த முள்ளை இழுக்கவே கூடாது.

தேனீ, குளவி?

தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போகும், குளவி விடாது. கொடுக்கு நின்றால் நகத்தாலோ எதாலோ உடனே எடுங்கள், எப்படி எடுக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு கெதியாக என்பதுதான் முக்கியம். நஞ்சுப் பை தனியே கிடந்தும் பம்பிக்கொண்டிருக்கும். நிறையக் குத்து விழுந்தாலோ, முகம் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினாலோ 1990.

சூப்பர் குளூவால் இரண்டு விரல் ஒட்டிவிட்டது.

இழுக்காதீர்கள், தோல் கிழியும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, கரண்டிக் காம்பை இடையில் விட்டு உருட்டி உருட்டிப் பிரியுங்கள். கியூடெக்ஸ் அழிக்கிற தண்ணீரில் அசற்றோன் இருந்தால் அதுவும் கரைக்கும், கண்ணுக்கும் வாய்க்கும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பஞ்சில் அல்லது பருத்தித் துணியில் அந்தக் குளூ நிறைய ஊற்றுப்பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும், சிந்தியதைத் துணியால் துடைக்காதீர்கள். இமை ஒட்டிவிட்டால் பிரிக்க வேண்டாம், ஈரத்துணி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி. சில நாளில் தானாக விடும்.

பலாப்பால், பெயின்ட் எல்லாம் தேங்காயெண்ணெய்க்கே போகும். பெற்றோலால் தேய்க்க வேண்டாம்.

றோட்டு வேலையில் தார் தெறித்தது. உரிக்கலாமா?

உரித்தால் தோலும் வரும். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தார் ஒட்டியபடியே இருக்கட்டும். ஆறிய தார் புண்ணை மூடித்தான் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வசிலின் மாதிரி எண்ணெய்ப் பசையால் மெதுவாகக் கரைத்து எடுப்பார்கள். உருகிய பொலித்தீனும் இப்படித்தான்.

புண்ணில் கட்டு ஒட்டிக்கொண்டது?

கொதித்து ஆறிய தண்ணீரில் பத்து நிமிடம் நனையவிடுங்கள், தானே விடும்.

மோதிரம் கழறவில்லை.

கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி ஐந்து நிமிடம் வைத்து, குளிர் தண்ணீரில் நனைத்து, சவர்க்காரம் பூசி, திருகியபடி கழற்றுங்கள். விரல் நீலம் பாய்ந்தால் பொன் போனால் போகட்டும், வெட்ட விடுங்கள். எத்தனை பேர் கல்யாண மோதிரம் என்று விரலைக் கொடுக்கப் பார்த்தார்கள் தெரியுமா.

ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட வேண்டுமா? ஆணியில் துரு இல்லை.

துருவுக்கும் ஏற்புக்கும் சம்பந்தம் இல்லை. கிருமியின் வித்து மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிறது, பட்டியடியில் குத்திய புது ஆணியும் ஆபத்துத்தான். அழுக்குப் புண், ஆழமான குத்து என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் திரும்பப் போடுவார்கள், சுத்தமான சின்னப் புண்ணுக்குப் பத்து வருடக் கணக்கு. இடம்பெயர்ந்த காலத்தில் பலரின் தடுப்பூசி அட்டை தொலைந்துபோனது. ஞாபகம் இல்லை என்றால் வெட்கப்படாமல் அப்படியே சொல்லுங்கள்.

எனக்குச் சலரோகம் (நீரிழிவு).

அப்படியென்றால் காலில் எதையும் நீங்களாகக் கிண்ட வேண்டாம், சின்ன முள்ளைக்கூட. விறைத்த காலுக்கு ஆழம் தெரியாது. இரவில் படுக்க முன்னர் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2009இல் யுத்தத்தில் ஏறிய ஷெல் துண்டு உள்ளே இருக்கிறது. எடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைத்தான் சனம் கடைசியில், எழும்பிப் போகும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

உள்ளே இருக்கிற எல்லாத் துண்டையும் எடுக்க வேண்டியதில்லை. உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டி அடக்கி வைத்திருக்கும். ஆழத்தில் இருக்கும் துண்டைத் தேடப் போனால் வழியில் இருக்கும் நரம்பும் குழாயும் வெட்டுப்படலாம், அதனால்தான் டொக்டர் "விடுங்கோ" என்கிறார். அது உங்களைக் கவனிக்காமல் விட்டதல்ல.

ஆனால் சில இடத்தில் விடக் கூடாது. மூட்டுக்குள் நிற்கும் சன்னம் (துவக்குக் குண்டு) என்றால், சன்னத்தில் ஈயம் இருக்கிறது, மூட்டு நீரில் அது மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரும், வருடங்கள் கழித்தும். அந்த இடம் சிவந்து சீழ் வைத்தாலோ, கை கால் விறைப்புக் கூடிக்கொண்டு போனாலோ, துண்டு தோலுக்குக் கீழே வந்து தட்டுப்பட்டு நோகத் தொடங்கினாலோ காட்ட வேண்டும். தோலடியில் உருளும் துண்டைப் பார்த்து "இது சின்ன வேலை" என்று பிளேட் எடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மேலே ஒரு நெல்மணியளவு தட்டுப்பட்டது, கீழே விரல்கடை நீளம் இருந்தது. பிதுக்கவும் வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், அந்த அறைக்குள் போக முன்னர், கேட்டாலும் கேட்காவிட்டாலும், உடம்பில் இரும்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது பெரிய காந்தம், ஷெல் துண்டு பெரும்பாலும் இரும்பு, அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குக் கிட்ட, முள்ளந்தண்டுக்குக் கிட்ட என்றால் இன்னும் ஆபத்து. சாதாரண எக்ஸ்ரே, சி.டி. ஸ்கான் இரண்டுக்கும் அந்தப் பயம் இல்லை. சுகமில்லாமல் மயங்கிக் கிடந்தால் உங்களால் சொல்ல முடியாது, எனவே வீட்டில் ஒருவருக்காவது எந்த இடத்தில் எத்தனை துண்டு என்று தெரிந்திருக்கட்டும். அந்தக் காலத்தில் குழந்தையாக இருந்து இப்போது பிள்ளை பெற்றிருப்பவர்கள் சிலருக்குத் தங்கள் உடம்பில் இருப்பதே தெரியாது, அம்மாக்களைக் கேளுங்கள்.

பழைய எக்ஸ்ரே படத்தை மடிக்காமல், ஈரம் படாமல் வையுங்கள். புதுப் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் துண்டு நகர்ந்ததா என்று தெரியும். படம் கெட்டுப்போகும் போலிருந்தால் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். விசுவமடுப் பக்கத்து அக்கா ஒருவர், இடது தோளில் இரண்டு, முதுகில் ஒன்று என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அடையாள அட்டை உறைக்குள், அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். தமிழில் ஒரு வரி, அதற்குக் கீழே மகனைக் கொண்டு எழுதுவித்த சிங்கள வரி ஒன்று, கொழும்புக்கு ஏற்றினால் அங்கே வாசிக்க.